முன்மாதிரிப் பயனாளி வீட்டில் இல்லை

பொதுச் சுகாதாரத் துறையில் வெயில் பாதுகாப்புத் திட்டத்தை மறுஆய்வு செய்யும் மதிப்பிற்குரிய அலுவலர் அம்மா அவர்களுக்கு, மின்சார அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் வீடு வீடாக மீட்டர் ரீடிங் எடுத்து ஓய்வுபெற்றவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் பிரிவில் உள்ளவர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் அலுவலகத்தில் ஏசி நன்றாக வேலை செய்கிறது என்று கேள்வி, ஆகவே நலமாகத்தான் இருப்பீர்கள். நானும் இருக்கிறேன்.

தங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. இந்த வெயில் காலத்தில் தினமும் போனில் அறிவுரை பெற்றவர்களில் என் மனைவிதான் முதலிடம் என்றும், சராசரியாக ஒரு நாளைக்கு ஒன்பது டம்ளர் தண்ணீர் குடித்திருக்கிறார் என்றும், பதினொரு கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் தந்து, எழுபத்துநாலு நாளில் ஒரே ஒரு நாள்தான் தலைசுற்றல் கண்டிருக்கிறார் என்றும், அவரை ‘முன்மாதிரிப் பயனாளி’யாகத் தேர்ந்தெடுத்திருப்பதால் வரும் வியாழக்கிழமை வீடியோ எடுக்க ஆட்கள் வருவார்கள், நல்ல உடையாக உடுத்தித் தயாராக இருக்கச் சொல்லவும் என்றும் எழுதியிருந்தீர்கள். ரொம்ப சந்தோஷம். என்ன செய்வது, அவள் போன வருஷ வெயிலிலேயே செத்துப்போய்விட்டாள்.

இதைப் படித்ததும் உங்களுக்குக் கோபம் வரும், நியாயம்தான், ஆனால் நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டுக் கோபப்படுங்கள். போன வருஷம் உங்கள் ஊழியர் ஒருவர் எங்கள் கட்டிடத்தின் அறுபத்திரண்டு படியும் ஏறி, மொட்டைமாடியில் தகரக் கூரை போட்ட எங்கள் அறைக்கு வந்து பெயர் எழுதினார். எனக்கு ஒரு வியாதியும் இல்லை என்று என்னைச் சேர்க்கவில்லை. அவளுக்கு ரத்த அழுத்தம், இரண்டு முட்டியும் வேலைக்கு ஆகாது, ஆகவே அவள் பெயர். அவளிடம் போன் கிடையாது, ஆகவே என் நம்பர். அவள் போன பிறகு பெயரை நீக்கச் சொல்லி நான் யாரிடமும் போகவில்லை. இறப்புச் சான்றிதழ் கொடுத்ததும் உங்கள் துறைதானே, பக்கத்துக் கவுண்டர்தானே, அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டேன். அவர்கள் பேசிக்கொள்வதில்லை போலிருக்கிறது.

இந்த வருஷம் வெயில் ஆரம்பித்த அன்றே போன் வந்தது. சின்ன வயசுப் பெண் குரல். “அம்மா இன்னைக்குத் தண்ணி குடிச்சாங்களா ஐயா?” என்று கேட்டாள். என் மனைவி போய் ஒன்பது மாசம் ஆகியிருந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்களெல்லாம் ஒரு வாரத்தில் விசாரித்து முடித்துவிட்டார்கள். மகன் வாரம் ஒருமுறை பேசுவான், அம்மா பேச்சை எடுத்தால் அப்பாவுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று எடுக்க மாட்டான், அவனுக்குக் கஷ்டமாக இருக்கும் என்று நானும் எடுக்க மாட்டேன், இப்படி இரண்டு பேரும் சேர்ந்து அப்படி ஒருத்தி இருந்ததே இல்லை என்கிற மாதிரி பேசிப் பேசிப் போனை வைத்துக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில் முகம் தெரியாத ஒரு பெண், அவள் உள்ளே படுத்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு கேட்கிறாள். குடிச்சாம்மா என்று வாயில் வந்துவிட்டது. எத்தனை டம்ளர் என்றாள். ஒன்பது என்றேன்.

எங்கள் ஆபீசில் டீக்கடையை விட்டு எழுந்திருக்காமலே நாற்பது வீட்டுக்கு ரீடிங் எழுதுகிற மகராசன்கள் உண்டு. நான் ஒருநாளும் அப்படி எழுதியதில்லை, மீட்டரைக் கண்ணால் பார்த்தால்தான் எழுதுவேன், பூட்டியிருந்தால் பூட்டியிருக்கிறது என்று எழுதுவேன். அப்படிப்பட்டவன் இந்த வயசில் எழுபத்துநாலு நாள் பொய் ரீடிங் கொடுத்திருக்கிறேன். அதிலும் கெட்டிக்காரத்தனம் வேறு. பொய் எழுதுகிறவன் மாட்டிக்கொள்வதே ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதுவதால்தான், ஆகவே ஒரு நாள் எட்டு, ஒரு நாள் பத்து, ஒரு நாள் பாதி டம்ளர் மிச்சம் வைத்துவிட்டாள் என்று மாற்றி மாற்றிச் சொன்னேன். ஒரு நாள் நம்பும்படி இருக்கட்டும் என்று லேசாகத் தலைசுற்றல் என்றேன், அதுதான் வினையாகப் போயிற்று. அரை மணி நேரத்தில் உங்கள் நர்ஸம்மா பையைத் தூக்கிக்கொண்டு அத்தனை படியும் ஏறி வந்து, வாசலிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் கொண்டுவந்த உப்பு சர்க்கரைப் பொடியை நான்தான் தண்ணீரில் கலக்கி அவருக்கே கொடுத்து, அட்டையால் விசிறிவிட்டேன். மூச்சு வந்ததும் அம்மா எங்கே என்றார். தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன். தலைசுற்றலோடவா என்றார். சுற்றி முடிந்த பிறகு போனாள் என்றேன். வந்ததற்கு யாருக்காவது பிரஷர் பார்த்தே ஆகணும், ஃபாரம் இருக்கு என்று எனக்குப் பார்த்தார். எக்கச்சக்கமாக இருந்தது, அதை அவள் பெயரில் எழுதிக்கொண்டார். ஆக, நீங்கள் குறிப்பிட்ட அந்த ஒரு நாள் தலைசுற்றல் உங்கள் நர்ஸம்மாவுடையது. கிளம்பும்போது, “இந்தக் கூரைக்கு அடியில எப்படி ஐயா இருக்கீங்க?” என்று கேட்டார். அந்தக் கேள்வி உங்கள் பதினொன்றில் இல்லை.

இதோடு விட்டிருந்தால் வியாழக்கிழமை கதவைப் பூட்டிக்கொண்டு எங்காவது போயிருப்பேன். ஆனால் உங்கள் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை நேற்றுத்தான் படித்தேன். மேல்மாடிக்காரர்கள்கூட போன் அறிவுரையிலேயே நன்றாக இருப்பது தெரிய வந்திருப்பதால், அடுத்த வருஷம் முதல் ஆள் நேரில் வருவதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் போனிலேயே நடத்தப்போவதாக எழுதி, அதற்கு உதாரணமாக என் மனைவியைக் காட்டியிருக்கிறீர்கள். எழுந்து வெளியே வந்து எதிரே பார்த்தேன். எதிர்க் கட்டிடத்து மொட்டைமாடியில், இதே மாதிரி தகரத்துக்கு அடியில், ஓய்வுபெற்ற டைப்பிஸ்ட் அம்மா ஒருத்தர் தனியாக இருக்கிறார். அவருக்கும் படி இறங்க முடியாது. என் பொய்யால் அவர் வீட்டுக்கு நர்ஸம்மா வராமல் போனால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது?

அந்த ஒன்பது நான் கற்பனையாகப் போட்ட எண் இல்லை அம்மா. போன வருஷம் அவள் தினமும் நிஜமாகக் குடித்தது. ஜன்னலில் ஈரத்துணி கட்டச் சொன்னீர்கள், கட்டினாள். மதியம் அடுப்பு மூட்ட வேண்டாம் என்றீர்கள், மூட்டவில்லை. நீங்கள் சொன்னதில் ஒன்றைத்தான் அவளால் செய்ய முடியவில்லை. பன்னிரண்டிலிருந்து நாலுவரை தெருமுனையில் நீங்கள் திறந்துவைத்த குளிர்ச்சிக் கூடத்தில் போய் உட்காரச் சொன்னீர்கள், அந்த முட்டியை வைத்துக்கொண்டு எங்கே இறங்குவது? “நீங்களாவது போயிட்டு வாங்க, ரெண்டு பேரும் எதுக்கு வேகணும்?” என்று என்னை அனுப்பிவைப்பாள். நானும் போனேன். கூடத்து நோட்டைப் புரட்டிப் பாருங்கள், இருபத்தாறு நாள் என் கையெழுத்து இருக்கும். கடைசி நாளும் இருக்கும். அன்றைக்கு ஏசிக்கு நேர் கீழே இடம் கிடைத்தது, பேப்பர் படித்தபடியே தூங்கிவிட்டேன். நாலரைக்கு மேலே ஏறி வந்தால், டம்ளர் கைக்கு எட்டுகிற இடத்தில்தான் இருந்தது, அதில் தண்ணீரும் இருந்தது. உங்கள் ஊழியர் ஆணியில் மாட்டிவிட்டுப் போன தெர்மாமீட்டரில் நாற்பத்துமூன்று, அது நான் கண்ணால் பார்த்த ரீடிங். அவளை விட்டுவிட்டு நான் போனேன் அம்மா. மகனிடம்கூட இதைச் சொல்லவில்லை, கடைக்குப் போயிருந்தேன் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஆகவே தயவுசெய்து அறிக்கையில் எங்கள் வீட்டுக்கு நேரே, சொன்னதெல்லாம் செய்தும் பலனில்லை என்று எழுதுங்கள். அந்தப் பதினொரு கேள்வியோடு எத்தனையாவது மாடி, கூரை என்ன, இறங்க முடியுமா, மதியம் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றும் கேட்கச் சொல்லுங்கள். முடியாதவர்களைத் தூக்கி இறக்க இரண்டு ஆள் போடுங்கள், இல்லையென்றால் கூரைக்கு வெள்ளையாவது அடித்துக் கொடுங்கள். எங்கள் தெருவில் மட்டும் தகரக் கூரை பதினாலு இருக்கிறது, மாடி மாடியாக ஏறி எண்ணிவிட்டு வந்திருக்கிறேன். போன் பண்ணும் பெண்மேல் நடவடிக்கை எதுவும் வேண்டாம், அவள் எழுதிக் கொடுத்ததைத்தான் கேட்டாள், அதையும் மரியாதையாகக் கேட்டாள். என் மனைவி பெயரை இன்றே பட்டியலிலிருந்து நீக்கிவிடவும். இனிமேல் எனக்கு போன் வர வேண்டாம், பழகிக்கொள்வேன்.

தங்கள் பணி சிறக்கவும், தங்கள் வீட்டுப் பெரியவர்கள் எல்லோரும் எப்போதும் கீழ்த்தளத்திலேயே குடியிருக்கவும் மனமார வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
இன்று முதல் உண்மையுள்ள,
மேல்மாடி மீட்டர்காரர்.

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டப் போகும்போது போன் வந்துவிட்டது. அந்தப் பெண்தான். சொல்லிவிட வேண்டும் என்றுதான் எடுத்தேன். தண்ணி குடிச்சாங்களா என்றாள், எட்டு டம்ளர் என்று சொல்லிவிட்டேன், மன்னிக்கவும். பெயரை நீக்குவதை மட்டும் ஒரு நாள் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால், “நாளைக்கு வெயில் இன்னும் ஜாஸ்தியாம் ஐயா, அம்மாவத் தனியா விட்டுட்டு எங்கயும் போயிடாதீங்க” என்றாள். போகமாட்டேன்மா என்று சொல்லியிருக்கிறேன்.