மியூச்சுவல் மாறுதல்

சும்மா கொடுத்த மோரைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் குடிக்கிற ஆள் நான். அதற்காக ஒருமுறை நன்றாகவே பட்டேன்.

அறுபதுகளின் கடைசி. நான் பொம்மிடிப் பக்கம் ஆரம்பப் பள்ளி வாத்தியார். என் மனைவி சரோஜா காரிமங்கலத்தில் டீச்சர். கல்யாணமாகி எட்டு மாதம், இன்னும் ஒரே வீட்டில் குடித்தனம் இல்லை. அப்போதுதான் காரிமங்கலத்தில் வேறு பள்ளியில் இருந்த மாதையன் வாத்தியார் கடிதம் போட்டார்: ‘மியூச்சுவல் மாறுதலுக்குச் சம்மதமா?’

மியூச்சுவல் என்றால் அவர் இடத்துக்கு நான், என் இடத்துக்கு அவர். இரண்டு பேரும் மனமொத்துக் கையெழுத்துப் போட வேண்டும். வேறு யாராயிருந்தாலும் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்திருப்பார்கள். நான் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பஸ்ஸும் சந்தையும் உள்ள ஊரை விட்டு ஒருவன் ஏன் வருவான்? கூரை ஒழுகுமோ? ஹெட்மாஸ்டர் கடிப்பாரோ?

“நல்ல மனுசங்க அவரு. வெள்ளிக்கெழம கடைசி நாளு, கையெழுத்தப் போட்டு அனுப்புங்க” என்றாள் சரோஜா. (அவளுக்குச் சொந்த ஊர், விட்டுக்கொடுப்பாளா? அவளையும் சந்தேகப்பட்டேன்.)

வெள்ளிக்கிழமை லீவு போட்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, ஆடு வாங்க வந்தவன் மாதிரி மாதையனின் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். கூரை நன்றாக இருந்தது. அதுவே சந்தேகத்தைக் கூட்டியது. வாசல் கூட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

“மாதையன் வாத்தியாரு இருக்காருங்களா?”

“லீவுங்க. பொம்மிடிக்குப் போயிருக்காரு. அங்க இருக்கற வாத்தியாரு எதுக்கு ஊர வுட்டு ஓடறாரு, என்ன வில்லங்கம்னு பாத்துட்டு வந்துதான் கையெழுத்தாம்.”

எனக்கு ரத்தம் கொதித்தது. என்னையா சந்தேகப்படுகிறான்! (தலைத்துண்டை அவிழ்க்கக்கூடத் தோன்றவில்லை.) அந்த ஊர்த் தபாலாபீசிலேயே கார்டு வாங்கி எழுதினேன்: ‘மனைவியோடு சேர்ந்து வாழ ஆசைப்பட்டேன். என்னை நம்பாதவரோடு மாற விருப்பமில்லை.’

திங்கட்கிழமை அவருடைய கார்டு வந்தது. ‘நேரில் வந்தேன். நீங்கள் என் ஊருக்குத் துப்பறியப் போயிருப்பதாகச் சொன்னார்கள். உங்கள் சகவாசமே வேண்டாம். என் மனைவி பொம்மிடியில் நர்ஸ். அவளோடு இருக்கத்தான் கேட்டேன்.’

போன மாதம் எனக்குக் காய்ச்சல் ஊசி போட்ட நர்ஸம்மாதான் அவர் மனைவி! ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கடைசி நாள் தாண்டிவிட்டது.

அடுத்த மாறுதல் கிடைக்க மூன்று வருடம் ஆயிற்று. அதற்குள் பிறந்து பேசப் பழகிய மகள், வாரம் ஒருமுறை மிட்டாயோடு வந்துபோன என்னை ‘ஞாயித்துக்கெழம மாமா’ என்று கூப்பிட ஆரம்பித்தாள். எல்லாரோடும் சேர்ந்து சிரித்தேன்; பஸ் ஏறியதும் அழுதேன்.

இன்று அவள் பிள்ளைகளுக்கே கல்யாணமாகிவிட்டது. நான் போன் செய்தால் இன்னமும் கேட்கிறாள்:

“யாரு, ஞாயித்துக்கெழம மாமாவா? இன்னிக்கு செவ்வாக்கெழமைங்களே!”