கூர்ப்பக்கம் மேலே

"முதுகுல மாட்டின வாளை மனுஷன் எப்படி உருவுவான்னு ஒருத்தன் கேட்டிருக்கான், தம்பி. எங்கே, நீ உருவிக் காட்டு," என்றார் மேலாளர்.

கேமில் உருவங்களை அசைய வைக்கிற அனிமேட்டர் எழுந்தார். மூலையில் கிடந்த நீள அளவுகோலை எடுத்து, பின்பக்கமாகச் சட்டைக் காலருக்குள் செருகிக்கொண்டு, தோளுக்கு மேலே கைவிட்டு இழுத்தார். கை முழுக்க நீண்ட பிறகும் அளவுகோலில் பாதி சட்டைக்குள்ளேயே இருந்தது. மீதியை மேலாளர் பிடுங்கி எடுத்தார்.

கேட்டது யார் என்று எவருக்கும் தெரியாது. இணையத்தில் கூர்முனை என்ற பெயரில் எழுதுகிற ஒரு ஆசாமி. அவர்களுடைய புது வீடியோ கேமின் முன்னோட்டம் வெளியான அன்று, கதாநாயகன் முதுகில் தொங்கிய ஜப்பானியக் கட்டானா வாளைப் பார்த்துவிட்டு அந்த ஒரே ஒரு கேள்வியைப் போட்டிருந்தார். மறுநாள் உலகமே அதைப் படித்துச் சிரித்தது.

"இந்த ஆள் வாய மூடாம கேம் வெளிய போகாது. கேம் போகலைன்னா நாம போயிடுவோம்," என்றார் மேலாளர்.

இதற்கு முன் இரண்டு நிறுவனங்கள் கேம் முடிந்த கையோடு அனிமேட்டரை வீட்டுக்கு அனுப்பியிருந்தன. தன் வேலையில்தான் ஏதோ குறை என்று அவர் முழுசாக நம்பினார். மூன்றாவது தடவையும் அப்படி வந்து நின்றால் மனைவி முகத்தில் எப்படி விழிப்பது? இந்த முறை ஒரு குறையும் இருக்கக் கூடாது.

வாளை முதுகிலிருந்து இறக்கி இடுப்புக் கச்சையில் செருகினார். கூர்முனை விடவில்லை. கட்டானாவைச் செருகினால் கூர்ப்பக்கம் மேலே பார்க்க வேண்டும், இவன் தலைகீழாகச் செருகியிருக்கிறான் என்று எழுதினார்.

வாளைத் திருப்பினார். திருப்பியதும் உருவுகிற விதமும் மாறியாக வேண்டியிருந்தது. இடது கையால் உறையைப் பிடித்து, கட்டைவிரலால் கைப்பிடித் தட்டைத் தள்ளி வாளை இளக்கிவிட்டால்தான் வலது கை உருவ முடியும். கதாநாயகனின் இடது கையிலோ தீப்பந்தம் இருந்தது. அதைக் கீழே போட வைத்தார். பந்தம் அணைந்தது. கதை நடப்பது இருட்டுக் கோட்டைக்குள் என்பதால், அதற்கப்புறம் கறுப்புத் திரையும் யாரோ அலறுகிற சத்தமும்தான் மிச்சம்.

அலறுவது எதிரியா என்று மேலாளர் ஆசையோடு கேட்டார். நம்ம ஆள்தான் என்றார் அனிமேட்டர்.

சுவரெல்லாம் விளக்கு ஏற்றினார். அந்த வெளிச்சத்தில் கூர்முனைக்கு எல்லாமே நன்றாகத் தெரிந்துவிட்டது. இரும்புக் கவசத்தை இத்தனை முறை வெட்டியும் வாளில் ஒரு பல்கூட விழவில்லையே, அது என்ன வாள் என்று கேட்டார். பல் விழ வைத்தார் அனிமேட்டர். மூன்றாவது சண்டைக்குள் வாள் ரம்பமாகிவிட்டது. கதாநாயகன் உயிருக்குப் பயந்து ஓடினான். ஓடுகிற வேகத்தில் இடுப்பில் நீட்டிக்கொண்டிருந்த உறை கதவு நிலையில் மாட்டிக்கொள்ள, அங்கேயே செத்தான்.

தினமும் வீட்டுக்குப் போனதும் இதையெல்லாம் மனைவியிடம் கொட்டித் தீர்ப்பார். குடையை இடுப்பில் செருகி உருவிக் காட்டுவார். அதில் ஒரு மின்விளக்கு போயிற்று. மருந்துக்கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு வந்தவள், சாப்பிட்டபடியே பொறுமையாகக் கேட்டுக்கொள்வாள். நடுவே ஏதாவது சந்தேகமும் கேட்பாள். கூர்முனையை அவர் வாய்க்கு வந்தபடி திட்டும்போது மட்டும் எழுந்து போய்க் கை கழுவுவாள்.

அடுத்த குறை வந்தது. ரத்தத்தைத் துடைக்காமல் வாளை உறையில் போட்டால் துருப்பிடிக்காதா? கதாநாயகன் மடியிலிருந்து காகிதம் எடுத்து நிதானமாகத் துடைக்கக் கற்றுக்கொண்டான். எதிரிகள் அதுவரை காத்திருக்கவில்லை. துடைத்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு தடவையும் செத்தான். கேமைச் சோதித்துப் பார்க்கிற பெண், இது சண்டை போடுகிற கேமா, சுத்தம் செய்கிற கேமா என்று சிரிக்காமல் கேட்டாள்.

இதற்குள் அலுவலகத்தில் நாற்காலிகள் காலியாக ஆரம்பித்திருந்தன. கோட்டையை வரைந்து முடித்த ஓவியர்கள் இருவரைக் காணவில்லை. விடுப்பில் போயிருப்பார்கள் என்று அனிமேட்டர் நினைத்துக்கொண்டார். அவர்கள் மேசையிலிருந்த நல்ல விளக்கையும் தன் பக்கம் இழுத்துவைத்துக்கொண்டார்.

ஒரு நாள் காலை பேருந்தில் நின்றுகொண்டிருந்தபோது அவருக்கு அது தோன்றியது. கதாநாயகன் வாளை உருவவே வேண்டாம். இடது கட்டைவிரலால் தட்டை லேசாகத் தள்ளிவிட்டு, அசையாமல் நின்று முறைக்கட்டும். எதிரி அந்தக் கட்டைவிரலைப் பார்த்துப் பின்வாங்கட்டும். வெட்டு இல்லை, ரத்தம் இல்லை, துடைப்பதும் இல்லை.

செய்து காட்டினார். மேலாளர் நான்கு எதிரிகளை முறைத்தே விரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"உறைக்குள்ள இருக்கிற வாள்ல எந்தக் கொம்பனாலயும் குறை சொல்ல முடியாது தம்பி," என்று கட்டிப்பிடித்துக்கொண்டார்.

மதியமே கேம் முடிந்துவிட்டதாக அறிவித்தார்கள். சாயங்காலம் பணியாளர் பிரிவு அம்மாள் அனிமேட்டரை அறைக்குக் கூப்பிட்டார். தண்ணீர் கொடுத்தார். வேலை ரொம்ப அருமை என்று பாராட்டினார். இனி அசைக்க ஒன்றும் இல்லாததால் நாளையிலிருந்து அவர் வர வேண்டியதில்லை என்று அதே குரலில் சொன்னார். அவர் வெளியே வந்தபோது மேலாளர் வாசலில் தன் முறைக்காகக் காத்திருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டார். மனைவி அப்போதுதான் கடையிலிருந்து வந்திருந்தாள். நடந்ததையெல்லாம் சொன்னார்.

"இந்தத் தடவை ஒரு குறைகூட இல்லாம முடிச்சேன். அந்தக் கூர்முனையே வந்தாலும் வாயத் திறக்க முடியாது. அப்படியும் அனுப்பிட்டாங்க. என்கிட்டதான் ஏதோ கோளாறு."

மனைவி அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"முடிச்சிட்டீங்களா? முடிச்சா அனுப்பிடுவாங்கன்னுதானேங்க, இத்தனை மாசமா நான் கூர்முனைன்னு பேரு வச்சுக்கிட்டு உங்களை முடிக்க விடாம பார்த்துக்கிட்டேன்."