கருடனுக்கு மட்டும் ஃபிரேம்

படத்துக்கு ஃபிரேம் போட்டு ஆபீசர் வீட்டில கொடுக்கணும். அன்னிக்கு எனக்கு அவ்வளவுதான் வேலை.

என் பொழுதுபோக்கு கொஞ்சம் கிறுக்குத்தனமானது. பழைய மேப் கிடைச்சா, அதுமேல ஒரே குடும்பத்துப் பறவை ரெண்டை ஜோடியா வரைவேன். திருவனந்தபுரம் வலியசாலைத் தெருவில இதுக்காக எனக்குக் கிடைச்ச பட்டம் 'காக்கா குமஸ்தா'.

ஆபீசர் மட்டும் ரசிச்சார். தன் அப்பா காலத்துத் திருவிதாங்கூர் மேப்பையே கொண்டுவந்து, "இதில வரைஞ்சு தாரும்"னார். கோட்டயம் பக்கம் அவா பூர்வீக வீடு, அந்தத் தறவாடு இருக்கிற இடத்தில, அப்பா கையாலயே வச்ச சிவப்புப் புள்ளி வேற.

அப்போ தெற்குத் தாலூக்காவெல்லாம் தமிழ்நாட்டோட சேரணும்னு மாநில எல்லை பிரிக்கிற பேச்சு கொதிச்சுண்டிருந்தது. எனக்கு நாகர்கோவிலுக்கு மாத்தல் வரும்னு ஆபீஸ்ல ஒரே வதந்தி. என் பெண்டாட்டிக்கோ இங்கே டீச்சர் உத்தியோகம். கல்யாணமாகி இப்பதான் ஒரே வீட்டில சேர்ந்து இருக்கோம். ஆபீசர் மனசு குளிர்ந்தா மாத்தல் நின்னுடும். விடுவேனா? மேப்பில தெற்கே கருடன், அதான் செம்பருந்து. வடக்கே கள்ளப்பருந்து. இறகு இறகா வரைஞ்சேன்.

சாலைக் கடைத்தெருவில ஃபிரேம் போடறவர் திருநெல்வேலிக்காரர். பெரும்பாலும் சாமி படம்தான் போடுவார். சாயங்காலம் போனா, பேப்பர் சுத்திக் கயிறு கட்டித் தயாரா வச்சிருந்தார்.

"பிரிக்காதீங்க சாமி. சந்தனம் ஈரமா இருக்கு."

"சந்தனமா? எதுக்கு?"

"கருடன்லா வரைஞ்சிருக்கீக. பொட்டு வைக்காம எப்படிக் குடுக்க?"

துடைச்சா போச்சுன்னு வாங்கிண்டேன். பொட்டலம் குட்டையா இருக்கேன்னும் தோணித்து. நமக்கென்ன தெரியும், தொழில் தெரிஞ்சவர் மடிச்சுப் போட்டிருப்பார்னு என்னை நானே சமாதானம் பண்ணிண்டேன். அவ்வளவு சமர்த்து நான்.

ஆபீசர் தன் சம்சாரத்தையும் கூப்பிட்டு வச்சுண்டு பேப்பரைப் பிரிச்சார்.

கருடன் சந்தனப் பொட்டோட கம்பீரமா இருந்தார். கள்ளப்பருந்தைக் காணோம். கோட்டயத்தையும் காணோம். திருவனந்தபுரத்துக்கு வடக்கே வெறும் மரச்சட்டம்.

"என்டெ வீடு எவிடே?"ன்னார் ஆபீசர்.

நான் சட்டத்தைத் திருப்பிப் பின்னால தேடினேன். ஆபீசர் விடல்லே.

"தமிழ்க்காரர் கேட்டது தெக்கன் தாலூக்கா மாத்திரம். நீர் திருவனந்தபுரத்தையும் சேர்த்து எடுத்துட்டீரோ? சர்க்காரே இன்னும் வெட்டல்லே."

விழுந்தடிச்சுண்டு சாலைக்கு ஓடினேன்.

"கருடன் தலைக்கு மேல பொணந்தின்னிப் பருந்து இருக்கலாமா சாமி? தோஷம்லா. அதான் மேல்பக்கத்தை வெட்டிட்டேன்"னார் கடைக்காரர், நல்ல காரியம் பண்ணின திருப்தியோட.

"வெட்டினது எங்கே?"

"ஒரு முருகன் படத்துக்குப் பின்னால ஒட்டிட்டேன். அது நெய்யாற்றின்கரைக்குப் போயாச்சு."

மறுநாளே ஆர்டர் கைக்கு வந்தது. நாகர்கோவில். "உமக்கு இஷ்டமுள்ள பாகம்தானே?"ன்னு ஆபீசர் அன்பா விசாரிச்சார்.

வீட்டில பெண்டாட்டி என் வேஷ்டியை மடிச்சுப் பெட்டியில வச்சிண்டிருந்தா. அவ கண்ணைப் பார்க்கவே எனக்குத் தைரியம் இல்லே.

"இனிமே பருந்து சகவாசமே வேண்டாம். பேசாம எலியை வரையறேன்"னேன்.

"அது பிள்ளையார் வாகனம். பஸ்ஸுக்கு நாழியாறது, கிளம்புங்கோ"ன்னா.