திமிங்கலமா, வெண்கலமா?

ஊர் சுற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். ஊரை விட்டு நகராதவர்கள் இருக்கிறார்கள். இந்த இரண்டிலும் அடங்காத மூன்றாவது இனம் ஒன்று உண்டு. வெளியூர் போனால் எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்கவே கூடாது என்று தீர்மானிப்பதற்கென்றே பிறந்தவர்கள். இவர்களைத் தேர்வாளர்கள் என்று அழைப்போம். நீங்கள் எங்கேயோ ஒரு கண்காட்சி சாலைக்குப் போய்த் திரும்பி, காலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் சந்தோஷமாக நாலு வார்த்தை சொல்ல வாயெடுக்கும்போது, “அதையா பாத்தீங்க? அடடா, பக்கத்துக் கட்டடத்த உட்டுட்டீங்களே!” என்று உச்சுக்கொட்டி, நீங்கள் போன பயணத்தையே செல்லாததாக ஆக்கிவிடுகிறாரே, அவரேதான். அவர் அந்தப் பக்கத்துக் கட்டடத்தைப் பார்த்திருக்கிறாரா? இதென்ன கேள்வி! தேர்வாளர்கள் பார்ப்பதில்லை. தேர்ந்தெடுப்பார்கள்.

ஏற்காட்டில் இந்த இனத்தின் பிரதிநிதி சிங்கராயர். ஒண்டிக்கடை முக்கில் ஒரு லாட்ஜுக்கு மேனேஜர்; வீடும் அதன் பின்கட்டில்தான். சேலத்திலிருந்து மலையேறி வருகிறவர்கள் பெட்டியைக் கீழே வைப்பதற்குள், கிளியூர் அருவிக்குக் காலையில் போகலாமா கூடாதா, பகோடா பாயிண்டில் எந்தப் பாறைமேல் நிற்க வேண்டும், லேடீஸ் சீட்டில் எந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தால் வந்த காரியம் வீண் என்றெல்லாம் சொல்லிவிடுவார். வந்தவர்களும் பயபக்தியோடு கேட்டுக்கொள்வார்கள். பத்துப் பேர் கேட்டுக்கொண்டால் எந்த மனிதனுக்குத்தான் தலை கனக்காது?

இந்தத் தலையோடு குடித்தனம் நடத்தியவள் சாந்தாமேரி. கல்யாணமான புதிதில் மைசூருக்குப் போனார்கள். அரண்மனையா, ஓவியக்கூடமா என்று சிங்கராயர் பஸ் ஸ்டாண்டிலேயே உட்கார்ந்து அலசியதில், மைசூரில் பஸ் ஸ்டாண்டை மட்டும் வெகு நன்றாகப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். அப்போது அவளுக்கென்று பார்க்க எதுவும் இல்லை.

அப்புறம் ஒன்று வந்து சேர்ந்தது. லாட்ஜில் தங்கிய மதராஸ் அம்மாள் ஒருத்தி, எழும்பூர் மியூசியத்தில் திமிங்கலத்தின் எலும்புக்கூடு முழுசாக இருக்கிறது என்று பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிட்டுப் போனாள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் திமிங்கலத்தின் பக்கத்தில் ஒரு மனிதனை இத்துனூண்டு வரைந்திருப்பார்களே, அந்தப் படத்தைச் சாந்தாமேரி அந்த வயதிலேயே நம்பியதில்லை. அவ்வளவு பெரிய உயிர் ஒன்று இருக்குமா? இருந்தால் எப்படி இருக்கும்? சமையல் பண்ணும்போதும், பக்கத்து மஞ்சக்குட்டைக்கு ஜீப்பில் நசுங்கிக்கொண்டு போகும்போதும், காரணமில்லாமல் அந்த நினைப்பு வந்து நிற்கும்.

தங்கை மகள் கல்யாணத்துக்காகப் பெரம்பூர் போனபோது வாய்ப்பு வாய்த்தது. கல்யாணம் முடிந்த மறுநாள் முழுசாகக் கையில் இருந்தது, ரயில் ராத்திரிக்குத்தான்.

“ஏனுங்க, அந்தத் திமிங்கலத்த ஒரு எட்டு பாத்துட்டு வந்துரலாமுங்களா?”

சிங்கராயர் சிரித்தார். குழந்தை நிலாவைக் கேட்டால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. “ஏம்புள்ள, திமிங்கலமெல்லாம் பள்ளிக்கூடத்துப் பசங்க பாக்கறது. மதராஸுக்கு வந்தா வெண்கலச் சிலையப் பாக்கணும். இல்லாட்டி ஓவியக்கூடம். ரெண்டுல எது மொதல்லங்கறதுதான் பிரச்சனை.”

காலைப் பலகாரம் முடிகிற வரைக்கும் அதுதான் பிரச்சனை. பிறகு கோட்டை மியூசியம் குறுக்கே வந்தது. கல்யாண வீட்டில் மிச்சமிருந்த உறவுக்காரர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். சிங்கராயர் ஒவ்வொருவரையும் தனித்தனியாக முறியடித்தார். மத்தியானச் சாப்பாடும் ஆயிற்று. ஒருவழியாக எழும்பூர் போய் இறங்கிப் பார்த்தால் என்ன ஆச்சரியம்! வெண்கலம், ஓவியம், திமிங்கலம் எல்லாம் ஒரே வளாகம். ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரம். வேறு யாராயிருந்தாலும் அத்தோடு பிரச்சனை தீர்ந்தது என்று உள்ளே போயிருப்பார்கள். தேர்வாளருக்கு அங்கேதான் ஆரம்பம்.

“மரத்தடியில செத்த உக்காரு புள்ள. நிதானமா முடிவு பண்ணலாம்.”

மரத்தடியில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். தஞ்சாவூர்க்காரர். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அவரும் இந்த இனம்தான்.

“நடராஜரைப் பாக்காம ஓவியத்தைப் பாக்கறது, சாம்பார் ஊத்தாம மோர் ஊத்தற மாதிரி சார்” என்றார் அவர்.

“அப்படிச் சொல்ல முடியாதுங்க. கண்ணு பழகணும்ல? மொதல்ல ஓவியம், அப்புறந்தான் சிலை” என்றார் சிங்கராயர், இத்தனை வருஷம் தேடிய உறவைக் கண்டுகொண்ட குரலில்.

சாந்தாமேரி வெயிலைப் பார்த்தாள். நிழல்கள் நீண்டுகொண்டிருந்தன. வாசலில் சேவகர், ஐந்து மணிக்குச் சாத்திவிடுவோம் என்று யாருக்கோ சொன்னது காதில் விழுந்தது. மைசூர் பஸ் ஸ்டாண்டு கண்ணுக்குள் வந்து போயிற்று.

“நீங்க முடிவு பண்ணி வையுங்க. நான் போயிட்டு வந்துர்றேனுங்க.”

சிங்கராயர் காதில் அது விழுந்ததோ இல்லையோ, தலை மட்டும் ஆடியது. கல்யாணமாகி இத்தனை காலத்தில் வெளியூரில் அவர் இல்லாமல் அவள் தனியாக ஒரு வாசல்படி ஏறியது அன்றுதான். யாரையோ வழி கேட்டாள். பஞ்சடைத்த புலி, பாட்டில் பாட்டிலாகப் பாம்பு எல்லாவற்றையும் தாண்டிப் போனாள்.

அது இருந்தது.

ஓடு வேயாத வீட்டின் கூரைச் சட்டம்போல் விலா எலும்புகள். தலையிலிருந்து வால்வரை நடந்தாள். திரும்பவும் வாலிலிருந்து தலைக்கு வந்தாள். புத்தகத்துப் படம் பொய்யில்லை. பக்கத்தில் நின்ற யாரோ ஓர் அம்மாளிடம், “எங்க ஊட்டுல கொண்டாந்து வெச்சா தல சமையக்கட்டுல இருக்கும், வாலு ரோட்டுல கெடக்குமுங்க!” என்று சொல்லிச் சிரித்தாள். அந்த அம்மாளும் சிரித்துவிட்டு நகர்ந்து போனாள்.

அப்புறம் சாந்தாமேரிக்கு என்னவோ மாதிரி ஆகிவிட்டது. இவ்வளவு பெரியதைப் பார்த்து, “அடேங்கப்பா” என்று திரும்பினால் பக்கத்தில் ஆள் இல்லை. மனிதர் மேல் கோபம்தான் வந்திருக்க வேண்டும், வந்ததோ பரிதாபம். விறுவிறுவென்று வெளியே வந்தாள்.

மரத்தடியில் நடராஜர் இன்னும் ஆடி முடிக்கவில்லை.

“ஏனுங்க, எந்திரிங்க.”

“இரு புள்ள, சார் ஒரு பாயிண்ட் சொல்லிட்டிருக்காரு.”

“நான் பாத்துட்டேனுங்க.”

“எதை?” அவர் முகம் வெளுத்தது. “ஓவியத்தையா, சிலையவா? எதை மொதல்ல பாத்த?”

“திமிங்கலத்த. தனியாப் பாக்க எனக்குப் புடிக்கலைங்க. இந்த ஒரு தடவ, எது ஒசத்தின்னு சொல்லாம எங்கூட வாங்க.”

அவள் குரலில் இருந்ததை அவர் அதற்குமுன் கேட்டதில்லை. எழுந்துவிட்டார். தஞ்சாவூர்க்காரர், வாதத்தின் நடுவில் கைவிடப்பட்டவராக, வாய் திறந்தபடி இருந்தார்.

எலும்புக்கூட்டின் முன்னால் நின்ற சிங்கராயர் வாயைத் திறந்தார். சாந்தாமேரி பயந்தாள். இதைவிடப் பெரிய திமிங்கலம் வேறெங்கோ இருக்கிறது, அதைத்தான் பார்த்திருக்க வேண்டும் என்று சொல்லப்போகிறாரோ? வாய் மூடிக்கொண்டது. தலையிலிருந்து வால்வரை ஒரு நடை போய்வந்து மெதுவாக,

“ஏம்புள்ள, இது எப்புடிப் புள்ள தூங்கும்?” என்றார்.

“தெரியலைங்களே.”

“எனக்கும் தெரியல” என்றார் சிங்கராயர். அந்த வாக்கியத்தைச் சாந்தாமேரி அவர் வாயால் கேட்டதே இல்லை. சேவகர் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு வரும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள். வெண்கலமும் ஓவியமும் பார்க்கப்படாமல் சாத்தப்பட்டன. அதற்காக அவர் ஒரு பெருமூச்சுகூட விடவில்லை. ரயிலில் அவள் தோள்மேல் சாய்ந்து தூங்கிப்போனார்.

மனிதர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? நீங்கள் நல்லவர்கள், அப்படித்தான் நினைப்பீர்கள். அடுத்த மாதம் மதராஸிலிருந்து இளம் தம்பதி ஒன்று லாட்ஜுக்கு வந்து, அருவிக்கு எப்படிப் போவது என்று கேட்டது.

“இருக்கட்டுமுங்க. உங்க ஊரு மியூசியத்துல திமிங்கலம் பாத்திருக்கீங்களா?”

“இல்லீங்களே. வெண்கலச் சிலைதான் பாத்திருக்கோம்.”

“திமிங்கலத்த உட்டுட்டுச் சிலையப் பாத்தீங்களா!” சிங்கராயர் நெற்றியில் அடித்துக்கொண்டார். “அதப் பாக்காதவங்களுக்கு எதுக்குங்க அருவி? மொதல்ல ஊருக்குப் போயி அதப் பாத்துட்டு வாங்க!”

“நீ அருவிக்குப் போ கண்ணு, அவரு அப்படித்தான்” என்று சாந்தாமேரி உள்ளேயிருந்து வந்து, அந்தப் பெண்ணிடம் அறைச் சாவியைக் கொடுத்தாள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று: இதைப் படித்துக்கொண்டு வரும்போது, ‘என்ன இருந்தாலும் நடராஜரைத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும்’ என்றோ, ‘கோட்டை மியூசியத்தைக் கோட்டை விட்டுவிட்டார்களே’ என்றோ உங்களுக்குள் ஒரு முனகல் எழவில்லையே? எழுந்திருந்தால், அடுத்த பயணத்துக்கு முன் வீட்டில் இருப்பவரிடம், “உனக்கு என்ன பாக்கணும்?” என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பதில் வந்ததும் சிரிக்காமல் இருங்கள், பார்க்கலாம்.