பாக்கியசாமி ஓடியும் நடந்தும் ஆயர் ஈத்தாம் சேர்ந்த படலம்

கடல் சூழ் பினாங்கின் காவலனே! துறைமுக ஆபீசில் காலை முதல் மாலைவரை நாற்காலியை விட்டு அசையாத நிலைத்திறம் படைத்தவனே! இளந்தொந்தி என்னும் மணிமகுடத்தை இடுப்பிலே தரித்தவனே! காலிலே கித்தான் சப்பாத்து அணிந்த கோமானே, பாக்கியசாமியே, நீ வாழ்க! ஆயர் ஈத்தாம் சாலையின் செம்புழுதியும் அச்சாலையோரத்து நாய்களும் சாட்சியாக, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தொன்பதாம் ஆண்டில் நீ நிகழ்த்திய பெரும்போரைச் சொல்லப் புகுந்தோம்.

மாதா திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை, கோயில் வாலிபர் சங்கத்தார் ஆண்டுதோறும் ஓர் ஓட்டப் பந்தயம் வைப்பார்கள். பட்டணத்துக் கோயில் வாசலில் தொடங்கி ஆயர் ஈத்தாம் சந்தையில் முடியும் அந்த நாலு மைல் களத்தில் வீழ்ந்தோரை அள்ளி வர, வைக்கோல் பரப்பிய அலாவுதீன் பாயின் மாட்டு வண்டி பின்னாலேயே வரும். சென்ற இரண்டாண்டுகளும் வில்லினின்று விடுபட்ட அம்பெனப் பாய்ந்து, முதல் அரை மைலில் எல்லோரையும் பின்தள்ளி, இரண்டாம் மைலில் புயலில் சிக்கிய வாழையெனச் சாய்ந்து, அவ்வண்டியில் மல்லாந்தபடி சந்தைக்குள் பவனி வந்தவன் நம் நாயகன். அக்காட்சியை இருமுறையும் நேரில் கண்டவள் ரோசலின். இவ்வாண்டு அவனுக்கு நிச்சயமாகியிருந்த பெண்ணும் அவளே.

அவள் செய்த பிரகடனம் இது: "இந்த வருஷமும் மாட்டு வண்டியில வந்து இறங்குனீங்கன்னா, நானே சாமியார்கிட்ட போய் ஓலை வாசிக்க வேணாம்னு சொல்லிருவேன். வைக்கோலும் தலையுமா வர்றவருக்கு நான் பொண்டாட்டியா?"

கோயிலில் ஓலை வாசித்துக் கல்யாணத்தை அறிவிக்காவிட்டால் கல்யாணமே இல்லை. அதைக் கேட்ட இரவு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் தொடங்கியது நாற்பது நாள் தவம். களைப்பு என்னும் பகைவன் வந்து கோட்டையை முற்றுகையிடும் முன்பே, தானாகக் கதவைத் திறந்து கொஞ்சம் நடந்துவிட்டால் அவன் ஏமாந்து திரும்பிவிடுவான் என்பதே பாக்கியசாமி கண்ட போர்த் தந்திரம். நேரம் பார்க்கக் கடிகாரம் இல்லை. சட்டைப் பையில் செபமாலை இருந்தது. சிறுமணி பத்துக்கும் பத்து அருள்நிறை மந்திரம் சொல்லி முடியும்வரை ஓட்டம். பெரிய மணி விரலில் தட்டுப்பட்டதும், ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடியும்வரை நடை. களைத்தாலும் சிறுமணியில் நிற்பதில்லை. களைக்காவிட்டாலும் பெரிய மணியில் ஓடுவதில்லை.

ஆனால் களைப்பைவிடக் கொடியவனான வெட்கம் என்னும் அரக்கன் அச்சாலையில் உலவினான்! நம் வீரன் நடக்கும் வேளை பார்த்தே உலகம் அவனைக் கடந்து சென்றது. இடியப்பக் கூடை சுமந்த அப்துல் ரஹீம் கடந்தார். வாத்துக் கூடையோடு ஒரு சீனக் கிழவி கடந்தாள். சொந்தக்காரனைத் தொலைத்த ஓர் ஆடும் கடந்தது. பந்தயத்தில் அவனுக்கு எதிராளியான ஆபீஸ் தோழன் பெர்னார்ட், சைக்கிளில் வந்து வம்பிழுத்தான்.

"என்னாடா பாக்கியம், ஓட்டம் பழகுறியா, பாசாருக்கு மீன் வாங்கப் போறியா? நடக்கிறதுக்கு எதுக்குலா சப்பாத்து?"

"பெரிய மணிடா. பேச்சுக் குடுக்காத, எண்ணிக்கை தப்பிரும்."

நாற்பதாம் நாள் நாலு மைலும் சாயாமல் கடந்தான்.

வந்தது பந்தய நாள். முரசென மேளம் அதிர, பன்னிரு வீரர் பாய்ந்தனர். பெர்னார்ட் பீரங்கிக் குண்டெனப் பறந்தான். நம் நாயகனோ சிறுமணி பத்துக்கு ஓடினான், பெரிய மணி ஒன்றுக்கு நடந்தான், சிறுவர் சிரித்தனர், நாய்கள் குரைத்தன, அவன் கலங்கவில்லை. மூன்று மைல் முடிந்தது. மூச்சு சீராக இருந்தது. மாலையை மறுபடி முதலிலிருந்து தொடங்கி, பெரிய மணியில் நடையைப் போட்டு, "பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே" என்று வாய்விட்டுச் சொன்ன அக்கணத்தில் விதி குறுக்கிட்டது. பந்தயம் பார்க்கச் சாலையோரம் குடையோடு உட்கார்ந்திருந்த ரோசலினின் தாய் அன்னமேரி, முன்பாதியை ஒருவர் சொன்னால் பின்பாதியை மற்றவர் சொல்லவேண்டும் என்ற வழக்கம் பிசகாதவர், உரத்த குரலில் பின்பாதியைச் சொல்லிக்கொண்டே எழுந்து வந்துவிட்டார்!

"பந்தயத்துலயும் மாலை சொல்றீங்களா தம்பி? நல்ல பிள்ளை. நடங்க, நானும் வரேன்."

சிறுமணி வந்தது, கால்கள் போர்க்குதிரைகளெனத் துடித்தன. ஆயினும் தொடங்கிய மாலையைப் பாதியில் விட்டு, வருங்கால மாமியாரை நடுச்சாலையில் நிறுத்திவிட்டு ஓடும் துணிவு எந்த மாவீரனுக்கு உண்டு? மந்திரத்தை விரைவாகச் சொல்லிப் பார்த்தான்.

"மாதாவுக்குச் சொல்றத ஏன் முழுங்குறீங்க? நிதானமா சொல்லுங்க தம்பி."

ஐம்பது மணியும் நடையிலேயே கழிந்தன. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராய் முன்னால் போனார்கள். இனியாவது ஓடலாம் என்று அவன் சப்பாத்தை இறுக்கியபோது, "பிரார்த்தனை பாக்கி இருக்கே!" என்று மாதாவின் திருநாமங்களை வரிசையாகச் சொல்லத் தொடங்கினார் அன்னமேரி. ஒவ்வொரு நாமத்துக்கும் "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்றான் பாக்கியசாமி, வாழ்நாளில் என்றுமில்லாத உருக்கத்தோடு.

அப்போது பின்னால் கடகடத்தது மாட்டு வண்டி. வைக்கோலில் இருந்து பெர்னார்டின் தலை எழுந்தது.

"ஏறுடா பாக்கியம்! நடந்து கடைசியா வர்றதுக்குப் படுத்துக்கிட்டே முன்னால போயிரலாம்லா! இடம் இருக்கு!"

ஆ, அவ்வைக்கோலின் பொன்னிறம்! அதன் மென்மை! தொடைகள் இரண்டும் கைகூப்பி மன்றாடின. அவனோ ரோசலினை நினைத்தான், பல்லைக் கடித்தான்.

"நீ போடா. அத்தை, அடுத்த நாமம் சொல்லுங்க!"

சந்தைக்குள் வண்டி நுழைந்ததும், வைக்கோலுக்கு வெளியே நீட்டியிருந்த இரு பாதங்களைக் கண்டு ரோசலினின் முகம் இருண்டது. ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள். பெர்னார்ட் அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். அவள் நிமிர்ந்தபோது, சாலை வளைவில் ஒரு குடை தெரிந்தது. குடைக்குப் பின்னே, புழுதி படிந்த பொற்சிலையென, தன் இரு கால்களில் நின்று, தன் இரு கால்களில் நடந்து வந்தான் மாவீரன். எல்லைக் கயிற்றை முதலில் அன்னமேரி தாண்டினார்; அடுத்து அவன்.

"எங்கம்மாகிட்டயே தோத்துட்டீங்களா?" என்றாள் ரோசலின், சிரிப்பை அடக்க முடியாமல்.

"தோத்துட்டேன். ஆனா வண்டியில வரல."

விண்ணதிரக் கேளுங்கள் எண்திசை மாந்தரே! வெட்கத்தை வென்றவன், வைக்கோலைத் துறந்தவன், மாமியாருக்குப் பின் நடந்து மங்கையை அடைந்தவன், அவன் பெயர் இத்தீவில் நிலைத்து நிற்பதாக!

மறுநாள் காலைப் பூசையில் ஓலை வாசித்தபோது, பாக்கியசாமி காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டில் படுத்திருந்தான்.