ஏட்டையா போட்ட மாலை

ஏட்டையா பாண்டிச்செல்வம் ரிட்டயர்டு ஆகி நாலு மாசம். அதுக்குள்ள வீட்டுக்குள்ளயே ரோந்து போயிப் போயித் தரையில தடம் விழுந்துபோச்சு. வாசலுக்கு வருவாரு, கேட்டை ஆட்டிப் பாப்பாரு, கொல்லைக்குப் போவாரு, மறுபடியும் வாசலுக்கு வருவாரு. முப்பத்துமூணு வருசமா அவரு வந்தா ஸ்டேஷன்ல நாலு பேரு எந்திரிச்சு நிப்பாக. ராஜபாளையத்து வீட்டுல இருக்கிறது ஒரே ஒரு ஆளு, சம்சாரம் சுந்தரம்மாள். அவ எந்திரிச்சு நிக்கிறது கிடக்கட்டும், இவரை உக்காரவே விடமாட்டா.

"ஏங்க, சும்மாதான இருக்கீக. மோட்டாரைப் போடுங்க."

"சும்மாதான இருக்கீக. கறிவேப்பிலை வாங்கியாங்க."

"சும்மாதான…"

அந்தச் 'சும்மாதான'வைக் கேட்டாலே ஏட்டையாவுக்குக் காதுல புகை வரும்.

கார்த்திகை பிறக்க ரெண்டு நாள் இருக்கையில எதிர்வீட்டை வேவு பாத்தாரு. எதிர்வீட்டு இருளப்பசாமி சபரிமலைக்கு முன்கூட்டியே மாலை போட்டிருந்தாரு. போன மாசம் வரைக்கும் பொண்டாட்டிகிட்ட வெளக்குமாத்தால வாங்கின மனுசன். இப்ப அதே பொண்டாட்டி, "சாமி, சாப்பிட வாங்க சாமி"ங்கிறா.

ஏட்டையாவுக்குப் பொறி தட்டிருச்சு. கழுத்துல மாலை இருந்தா வேலை சொல்ல முடியாது. வைய முடியாது. நாப்பது நாளு ராஜ வாழ்க்கை.

"சுந்தரம், இந்த வருசம் மலைக்கு மாலை போடலாம்னு இருக்கேன்."

எதிர்ப்பு வரும்னு பாத்தா, அவ கரண்டியக் கீழ வச்சிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டா. "ஐயப்பா, கண்ணத் தெறந்துட்ட." கண்ணு கலங்கிருச்சு. ஏட்டையாவுக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் உறுத்தத்தான் செஞ்சது. ஆனா உறுத்தலுக்கெல்லாம் அசைஞ்சா போலீஸ்ல இருக்க முடியுமா?

கார்த்திகை ஒண்ணாந்தேதி, குருசாமி சமுத்திரம் மாலை போட்டுவிட்டாரு. இருபத்தஞ்சு தடவை மலை ஏறினவரு, சுந்தரம்மாளுக்குச் சித்தப்பா மகன். வீட்டுக்கு வந்தா, சுந்தரம்மாள் வாசல்லயே காலுக்குத் தண்ணி ஊத்தி விழுந்து கும்பிட்டா. ஏட்டையாவுக்கு உச்சி குளுந்துபோச்சு.

"காப்பி கொண்டா."

"சாமி, மாலை போடாத கையால எப்படிச் சாமி தருவேன்? சாமியே பொங்கிச் சாப்பிடுறதுதான் சுத்தமான விரதம்னு குருசாமி சொல்லிட்டாரு. கொல்லையில தனி அடுப்பு, தனிப் பாத்திரம், எல்லாம் புதுசு. நேத்தே வாங்கி வச்சிட்டேன்."

ஏட்டையா உடனே போனைப் போட்டாரு. "ஆமா சாமி, அதுதான் உசத்தி"ன்னாரு குருசாமி.

மறுநாள் விடியுமுன்ன பச்சைத் தண்ணியில குளிச்சாரு. மலைக்காத்து அடிக்கிற அடியில பல்லு தனியாத் தாளம் போட்டுச்சு. சாதத்தைப் பொங்கினாரு. அடிப்பிடிச்சது போக மிச்சத்தை எறக்கும்போது, தட்டோட வந்து நின்னா சுந்தரம்மாள்.

"ஒனக்கு எதுக்கு?"

"சாமி கையால பொங்கினா பிரசாதம் சாமி. அத விட்டுட்டு நான் தனியாப் பொங்குனா பாவம்லா? நாளைக்கு எனக்கும் ஒரு ஆழாக்கு சேத்துப் போட்டுருங்க. அப்படியே சாமி கையால வாசலையும் தெளிச்சு விட்டா வீட்டுக்கு லெட்சுமி வருவா."

வாயில வந்தது ஸ்டேஷன் வார்த்தை. கழுத்துல மாலை கிடக்கே. வெளிய வந்தது "சாமி சரணம்".

பன்னெண்டாம் நாளு தாங்க முடியல. வெறுங்காலோட பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர்ல மக வெங்கடேஸ்வரி வீட்டுக்குப் போனாரு. மக கையால ஒரு வாய் சோறு கிடைக்காதா? மக வாசப்படியிலயே மறிச்சா.

"உள்ள வராதீக சாமி. கொழுந்தனுக்கு முட்டை வேகுது. நீங்க வந்தாலும் வருவீகன்னு அம்மா காலையிலயே போன் போட்டுச்சு."

ரெண்டு வாழைப்பழத்தைக் கையில குடுத்தா. திரும்புற பஸ்ஸுல நின்னுக்கிட்டே தின்னாரு.

ஆனா ஒண்ணு சொல்லணும். சாயங்காலம் வெளக்கேத்தி ரெண்டு பேரும் உக்காந்து சரணம் சொல்லுவாக. இவருக்குக் கூட்டத்தக் கலைச்சுப் பழகின குரலு. ஒருநாள் இவரு சரணம் சொன்ன சொல்லுல தெருநாய் அம்புட்டும் ஓடிருச்சு. சுந்தரம்மாள் சிரிச்சா பாருங்க, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சா. இவரும் சிரிச்சிட்டாரு. ஒவ்வொரு ஆடிப்பூரத்துக்கும் இவரு லத்தியோட ஸ்ரீவில்லிபுத்தூர்த் தேருக்கு முன்னால நிப்பாரு. அவ பிள்ளையத் தூக்கிக்கிட்டுக் கூட்டத்துல நிப்பா. சாமி முன்னால ஒண்ணா உக்காந்ததே இப்பத்தான். அன்னைக்கு ஏட்டையாவுக்கு நெஜமாவே சந்தோசமா இருந்துச்சு. மறுநாள் ரசம் கூட நல்லா வந்துருச்சு. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்ததையும் மறந்துட்டாரு.

மண்டல பூஜை முடிஞ்சு, மலையிலருந்து வந்து, மாலையக் கழட்டியாச்சு. அப்பாடா, விடுதலை. அடுப்படியப் பாத்துக் குரலு குடுத்தாரு.

"சுந்தரம், சாமி போயாச்சு. ஏட்டையா வந்தாச்சு. கருவாட்டுக் கொழம்பு வையி."

மஞ்சச் சேலையில சுந்தரம்மாள் வந்தா. கழுத்துல புது மாலை.

"இருக்கன்குடி மாரியாத்தாளுக்குப் போட்டிருக்கேன். கூண்டுல அடைச்ச மாதிரி நடந்துக்கிட்டே இருந்தீகளே, பாக்க வயிறு எரிஞ்சது. இந்த மனுசனை வீட்டோட ஒட்ட வையி ஆத்தான்னு நேந்துக்கிட்டேன். ஒட்ட வச்சிட்டா. தை கடைசி வெள்ளி வரைக்கும் விரதம்."

இவரு துண்டை எடுத்துக் கண்ணைத் தொடச்சுக்கிட்டாரு. ஆனாலும் போலீஸ் மூளை சும்மா இருக்குமா? சட்டத்தக் கையில எடுத்தாரு.

"விரதம் இருக்கவுகதான் பொங்கணும். அதுதான் உசத்தி. எனக்கும் ஒரு ஆழாக்கு சேத்துப் போடு."

"அது ஐயப்பனுக்கு. ஆத்தாளுக்கு அப்படியில்ல. மலைக்குப் போய்ட்டு வந்த கையி பொங்கினாத்தான் சுத்தமாம்."

"யாரு சொன்னா?"

"குருசாமிதான். எங்க அண்ணன்."

முப்பத்துமூணு வருசத்துல எத்தனையோ கூட்டுக் களவாணிகளைப் பிடிச்ச ஏட்டையா, கொல்லைக்குப் போயி மோட்டாரைப் போட்டாரு.