இடது பெட்டியில் மட்டும் பிள்ளையார்

பிள்ளையார் பாட்டு இடது ஸ்பீக்கர் பெட்டியில் மட்டும்தான் வந்தது. மற்ற நான்கு பெட்டிகளும், தரையில் குந்தியிருந்த பெரிய பேஸ் பெட்டியும் வாயைத் திறப்பேனா என்றிருந்தன.

"இன்னாம்மா இது? இத்தினி பெட்டி வெச்சிக்கினு ஒண்ணுதான் பாடுது. மத்ததெல்லாம் வேடிக்கை பாக்க வந்துதா?"

கேட்டது ராஜாமணியம்மாள். கம்ப்யூட்டர் கடையின் நடுவில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில், பெண் பார்க்க வந்தவள்போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலியில் அவள் மகன் தென்னரசு.

"ஒயரு லூசா இருக்கும்ங்கம்மா. தோ, ஒரு நிமிஷம்," என்று சகாயசெல்வி மேசைக்கு அடியில் புகுந்தாள்.

செட்டோடு வந்த டெமோ சிடியைத்தான் அவள் முதலில் போடப் போனாள். ராஜாமணியம்மாள் விடவில்லை. "புதுப் பொருள்ல மொதல்ல சாமி பாட்டுதான் பாடணும். எடுத்தவொடனே டும்மு டும்முன்னு போட்டா வெளங்குமா?" என்று வீட்டிலிருந்தே கொண்டுவந்த சிடியைக் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

வேறு யாராவது என்றால் செல்வி பதிலுக்கு ஒன்று கொடுத்திருப்பாள். அவள் வாய்க்குத் திண்டிவனம் கடைத்தெருவில் ஒரு பெயர் உண்டு. ஆனால் காலையிலேயே முதலாளி கிருஷ்ணசாமி புதுச்சேரியிலிருந்து போனில் சொல்லிவிட்டார்.

"செல்வி, எனக்கு ரொம்ப வேண்டியவங்க வர்றாங்க. அந்தப் புது ஸ்பீக்கர் செட்டப் பிரிச்சி, பாட்டு, படம், கேம்ஸ் மூணையும் போட்டுக் காட்டு. கேக்கறதுக்கெல்லாம் பொறுமையா பதில் சொல்லு. மூஞ்சத் தூக்கி வெச்சிக்காத. இது நல்லபடியா முடியட்டும், விழுப்புரம் விஷயம் பேசுவோம்."

விழுப்புரம் விஷயம் என்றால், விழுப்புரத்தில் திறக்கப்போகும் புதுக் கடை. அதற்கு ஓர் இன்சார்ஜ் வேண்டும். செல்வி கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டதாரி. இந்தக் கடையில் சிஸ்டம் அசெம்பிள் செய்வது, சர்வீஸ் செய்வது, பில் போடுவது, காலையில் வாசல் கூட்டுவது எல்லாம் அவள்தான். தினமும் விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் ஒற்றைக்காலில் தொங்கிக்கொண்டு வருகிறவள். அந்த இன்சார்ஜ் நாற்காலி தனக்கு இல்லாமல் வேறு யாருக்கு என்று அவள் நம்பியிருந்தாள்.

அவளைவிட அதிகமாக நம்பியவர் அப்பா இன்னாசிராஜ். விழுப்புரம் கடலை மண்டியில் மல்லாட்டை மூட்டை தூக்குகிறவர். குடும்பத்தில் முதல் டிகிரி மகளுடையது. "பாக்கலாம்" என்று முதலாளி சொன்ன ஒற்றை வார்த்தையை வைத்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்த அத்தனை பேரிடமும் "எம்பொண்ணு மேனேஜரு ஆவப்போவுது" என்று சொல்லிவிட்டார். கோயில் வாசலில் மெழுகுவத்தி விற்பவர் தன் மருமகனுக்கு அந்தக் கடையில் வேலைகூடக் கேட்டுவிட்டார்.

ஆகவே செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு மேசைக்கு அடியில் பின்களைப் பிடுங்கி மாற்றிச் செருகினாள்.

பிள்ளையார் இடம் மாறினார். இப்போது ராஜாமணியம்மாளின் முதுகுக்குப் பின்னாலிருந்து மட்டும் பாட ஆரம்பித்தார். அவள் தூக்கிவாரிப்போட்டு எழுந்தாள்.

"அடக் கடவுளே! யாரோ பின்னாடி வந்து நின்னுக்கினு பாடற மாதிரியே இருக்குது!"

"எதை எதுல மாத்தினீங்க மேடம்?" என்று தென்னரசு குனிந்து பார்த்தான்.

"பச்சை முன்பக்கம் சார். கறுப்பு பின்பக்கம். ஆரஞ்சு நடுப்பெட்டிக்கும் பேஸுக்கும்."

"புரியல. இன்னொருக்கா எல்லாத்தையும் கழட்டி மாட்டுங்களேன்."

கழற்றினாள். மாட்டினாள். மறுபடியும் கழற்றச் சொன்னான். கழற்றினாள். அவன் செல்போனை நீட்டி ஒவ்வொரு ஓட்டையையும் போட்டோ எடுத்துக்கொண்டான். வீட்டில் போய்த் தானே மாட்டிக்கொள்ளப் பார்க்கிறான், ஆளை அனுப்பும் வேலை மிச்சம் என்று செல்வி தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

"சார் என்ன படிச்சிருக்கீங்க?"

"பி.காம். மேடம். கொஞ்சம் அரியர் இருக்குது."

"கொஞ்சம் இல்ல பாப்பா, எல்லாமே அரியர்தான்," என்று ராஜாமணியம்மாள் பெருமையாகவே சொன்னாள். "ஆமா, நீ எந்த ஊரு?"

"விழுப்புரத்துக்குப் பக்கத்துல, திருவாமாத்தூர் போற வழிங்கம்மா."

"ஊர்ல எந்தப் பக்கம்?"

இந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்று செல்விக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

"பஸ் நிக்கற பக்கம்."

ராஜாமணியம்மாள் அதற்குமேல் கேட்கவில்லை. செல்வி வாங்கி வைத்த டீயையும் தொடவில்லை. செல்வி பார்த்தாள், பார்க்காத மாதிரி அடுத்த வயரைக் கையில் எடுத்தாள். விழுப்புரம் கைக்கு வரட்டும், அப்புறம் இருக்கிறது.

இதற்குள் சத்தம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிக் கண்ட குமிழையெல்லாம் கடைசிவரைக்கும் திருகி வைத்திருந்தாள். செட்டு பழுது என்றே முடிவு கட்டிவிட்டாள். கடைசி முயற்சியாக, "பாட்டு போதும்ங்கம்மா, படம் பாக்கலாம்," என்று ஒரு சண்டைப்பட டிவிடியைச் செருகினாள்.

ஹெலிகாப்டர் ஒன்று கடைக்குள் புகுந்தது.

பழுது எதுவுமே இல்லை. எல்லாப் பெட்டிகளும் ஒரே நேரத்தில் தொண்டையைத் திறந்தன. ஹெலிகாப்டர் இடதுகாதில் நுழைந்து வலதுகாதில் வெளியேறி, முதுகைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் வந்தது. அலமாரியில் அடுக்கியிருந்த கீபோர்டு அட்டைப்பெட்டிகள் ஒவ்வொன்றாக நகர்ந்து வந்து கீழே குதித்தன. அப்போதுதான் செல்விக்கு உறைத்தது. அந்தச் சாமி பாட்டு ஏதோ பழைய கேசட்டிலிருந்து இறக்கியது. அதில் ஒரு பக்கம்தான் உயிரோடு இருந்திருக்கிறது. பாட்டுக்கு வந்த நோய்க்குப் பெட்டிகளைக் குடைந்து காலைப்பொழுதைத் தொலைத்திருக்கிறாள்.

அவள் குமிழைத் தேடிப் பிடித்துத் தணிப்பதற்குள் பக்கத்துக் கண்ணாடிக் கடை ராயப்பன் வாசலில் வந்து நின்றார். கையில் உடைந்த பிரேம்.

"ஏம்மா, எங்கடையில மாட்டியிருந்த மாதா படம் தானா எறங்கி வந்துட்டாங்க. நீயும் நம்ப கோயிலுதான? உனக்கே இது அடுக்குமா?"

"மன்னிச்சிடுங்கண்ணே. அந்தப் பெரிய பெட்டி உங்க செவுத்த ஒட்டி இருக்குது, அதான் அதிருது. தள்ளி வெச்சிடறேன்."

பேஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் வாசல்படி ஓரம், தெருவைப் பார்க்க வைத்தாள். ராயப்பன் சுவர் தப்பித்தது. எதிரில் பேங்க் இருப்பது அவள் நினைவுக்கு வரவில்லை.

"கேம்ஸ் இன்னும் காட்டலையே மேடம்," என்றான் தென்னரசு. மௌஸைத் தானே பிடித்துக்கொண்டான். செல்வி யுத்த விளையாட்டு ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். "பின்னாடி எதிரி வந்தா பின்பெட்டியில காலடிச் சத்தம் கேக்கும் சார். வெளையாடறவங்களுக்கு அதுதான் ரொம்பப் பிடிக்கும்."

"மெதுவா இருக்குதே," என்று அவன் குமிழை மறுபடியும் கடைசிவரை திருகினான். சுட்டான்.

தெருவில் துப்பாக்கி வெடித்தது. தெருவோர மாங்காய்க் கூறுகளுக்கு முன்னால் இருந்த கூட்டம் சிதறி ஓடியது. பேங்க் வாசலில் காவலுக்கு இருந்த சவுரிராயன் பட்டாளத்தில் இருந்தவர். சத்தம் கேட்டதுதான் தாமதம், உள்ளே இருந்தவர்களை உள்ளேயே வைத்து ஷட்டரை இழுத்து விட்டுவிட்டு, படியில் குப்புறப் படுத்துக்கொண்டார்.

"சார், நிறுத்துங்க! ஐயோ, நிறுத்துங்க சார்!"

"இருங்க மேடம், இன்னும் ரெண்டே பேருதான்!"

செல்வி பிளக்கைப் பிடுங்கினாள். திரை இருண்டது. அந்த அமைதியில் பேங்க் ஷட்டருக்குப் பின்னால் யாரோ ஒரு பெண்மணி ஓலமிட்டு அழுவது தெளிவாகக் கேட்டது. எந்தப் பெட்டியின் உதவியும் இல்லாமல்.

கொஞ்ச நேரத்தில் போலீஸ்காரர் வந்துவிட்டார். பின்னால் பாதிக் கடைத்தெரு.

"எவன் இங்க சுட்டது?"

தென்னரசின் கை மௌஸிலிருந்து மெல்ல நழுவியது. ராஜாமணியம்மாள் கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். செல்வி ஒரு கணம் யோசித்தாள். இவனைக் காட்டிக் கொடுத்தால் வியாபாரம் போச்சு. வியாபாரம் போனால் விழுப்புரம் போச்சு. அப்பா ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு எந்த முகத்தோடு போவார்?

"நான்தான் சார் வெளையாடினேன். ஸ்பீக்கர் டெஸ்ட் பண்ணேன். சத்தத்த நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்."

"பொம்பளப்புள்ள பண்ற வேலையா இது? பேங்குல ஒரு அம்மா மயக்கம் போட்டு வுயுந்துகீது தெரியுமா? நட ஸ்டேஷனுக்கு."

"வர்றேன் சார். ஆனா இவங்கள ஒண்ணும் சொல்லாதீங்க. முதலாளிக்கு ரொம்ப வேண்டியவங்க." ராஜாமணியம்மாள் பக்கம் திரும்பினாள். "அம்மா, நான் போய்ட்டு ஜல்தியா வந்துடறேன். செட்டு நல்ல செட்டும்மா. வந்து நானே பேக் பண்ணிக் குடுக்கறேன். போய்டாதீங்கம்மா."

"ஓ, நீங்க வாங்க வந்த கஸ்டமரா?" என்று போலீஸ்காரர் அவர்கள் பக்கம் திரும்பினார். "அப்ப நீங்களும் வாங்க. சாட்சிக் கையெழுத்துப் போடணும்."

ராஜாமணியம்மாள் பதறிப்போய் மகனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஐய, நாங்க எதையும் வாங்க வரலைங்க சார், கிருஷ்ணசாமி அண்ணன் விழுப்புரம் கடைய எம்புள்ள பொறுப்புல வுட்டுருக்காரு, எந்த ஒயர எதுல சொருவறதுன்னு இந்தப் பொண்ணுகிட்ட கத்துக்கினு வாங்கன்னு அவருதான் அனுப்பி வெச்சாரு."